வேலுக்கும் மண்டையோட்டுக்கும் ஒரே எண்

அந்த பேனரைத் தண்ணீரில் இருந்தபடிதான் பார்த்தேன். சாத்தாமிலிருந்து கிளம்பிய ஃபெர்ரி, எதிர்க்கரைப் படகுத்துறையான பாம்பூஃப்ளாட் ஜெட்டியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெட்டி முனையில் மூங்கில் சாரம் கட்டி, கடலைப் பார்த்தபடி ஃப்ளெக்ஸ் தொங்கியது. பங்குனி உத்திரத்துக்கு நான் செய்து கொடுத்த பேனர். முருகன் முகம் நன்றாக வந்திருந்தது, மயில் கழுத்து நீலம் கூட நான் வைத்தது வைத்தபடி. அப்புறம் கீழ்வரிக்குக் கண் போனது. கோயில் தலைவர் முத்துவீரனின் பெயருக்கு இரண்டு பக்கமும் நான் வைத்தது வேல். அங்கே இருந்தது மண்டையோடு. கரண்டு கம்பத்தில் அபாயம் என்று போட்டிருப்பார்களே, குறுக்கே இரண்டு எலும்போடு, அதே மண்டையோடு. ஒவ்வொன்றும் ஆள் தலையை விடப் பெரிது.

படகில் சிலர் சிரித்தார்கள். "பெரியவருக்கு நாள் குறிச்சிட்டாங்க போல" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். அதைச் சொன்ன வாயில் நான் அப்போதே ஒன்று போட்டிருக்க வேண்டும். ஏனென்றால் முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றவன் அருண்பிரசாத், முத்துவீரனின் மகன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலடியில் இருந்த சாக்கைப் பிரித்தான். பந்தலுக்கு வாழை வெட்டுவதற்காகச் சாணை பிடித்துக் கொண்டுவந்த தாவ்கள் அதில் இருந்தன. தீவில் தாவ் இல்லாத வீடு கிடையாது, புல்லிலிருந்து மரக்கிளை வரை எல்லாவற்றுக்கும் அந்த நீளக் கத்திதான்.

"அருணு, அது ஃபான்ட் மாறிப்போச்சு. சத்தியமா வேலுதான் போட்டேன். ஃபான்ட் மாறிப்போச்சுடா" என்று கத்திக்கொண்டே அவன் சட்டையைப் பிடித்தேன். கொலைவெறியில் இருப்பவனிடம் ஃபான்ட் என்று சொன்ன ஒரே பொம்பளை உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். முழங்கையால் என் மூக்கில் இடித்தான். நான் கீழே விழுந்து எழுவதற்குள், படகைக் கயிறு போட்டுக் கட்டுவதற்கு முன்பே, ஜெட்டிக்குத் தாவிவிட்டான்.

பேனருக்குப் பின்னால் சாரத்தின் மேல் நின்று கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவன் என் தம்பி முத்துராஜ். சுருட்டியபடியே மேலே கொண்டுபோய், மேல் முனையைக் கட்டிவிட்டு, சுருளைக் கடல் பக்கமாக உருட்டி விட்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஃப்ளெக்ஸின் வெள்ளை முதுகு. முன்னால் என்ன சிரித்துக்கொண்டிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அருணைப் பார்த்து, தீவு ஹிந்தி வழக்கில், "பாய், அந்தக் கவுத்தைக் கொஞ்சம் புடி" என்று சொன்னதாகப் பிறகு சொன்னான். அருண் கயிற்றைப் பிடிக்கவில்லை. சாரத்தின் காலை உதைத்தான். முத்துராஜ் விழாமல் இருக்க வலது கையால் மூங்கிலைப் பற்றிக்கொண்டான். அந்தக் கையில்தான் தாவ் இறங்கியது.

ஒரே வெட்டு. மணிக்கட்டுக்கு மேலே. தம்பி கடலில் விழுந்தான், கை சாரத்தில் இருந்தது. இதை நான் படகிலிருந்து பார்த்தேன். எனக்கும் ஜெட்டிக்கும் நடுவே இருந்தது ஒரு ஆள் நீளத் தண்ணீர்தான். அதைத் தாண்ட எனக்குத் தெரியவில்லை. இரண்டு மீன்காரர்கள் குதித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் ஜெட்டியில் ஆளுக்கொரு மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டது. ஒருவனுக்குத் தாடை போயிற்று, ஒருவனுக்கு விலா. பூசைத் தட்டு கொண்டுவந்த பெண்கள் தேங்காயால் அடித்தார்கள். அருண் ஓடிவிட்டான்.

கட்சி என்றேன். அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முருகன் கோயிலில் இரண்டு கூட்டம். ஒன்று மெயின்லேண்டிலிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்கள். அதற்குத் தலை, கான்ட்ராக்டர் ராஜமாணிக்கம். இன்னொன்று சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர்கள். சுனாமி கச்சாலைத் துடைத்துப் போட்ட பிறகு, மிஞ்சியவர்களில் சில குடும்பம் பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தது. அவர்களுக்கு முத்துவீரன்தான் எல்லாம். முதல் மரியாதை யாருக்கு என்று ஆறு வருஷம் அடிதடி. அந்த வருஷம்தான் பெரியவர்கள் பேசி, முத்துவீரன் தலைவர் என்று முடிவு செய்தார்கள். அதற்கு ராஜமாணிக்கம் மனசு வந்து, தன் செலவில் ஒரு வரவேற்பு பேனர் வைக்கிறேன் என்றார். ஆமாம், அது சமாதான பேனர். சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வரவில்லை.

எனக்குச் சாத்தாம் பக்கம் பத்துபஸ்தியில் ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, எல்லாம் அடிப்பேன். ராஜமாணிக்கம் வந்து, "படத்துல இருக்கிற வேல் வேணாம் விஜயா. நம்ம கோயில் வேலே வேணும். அந்த எலை கொஞ்சம் அகலமா இருக்கும்ல, அது" என்றார். நான் கோயிலுக்குப் போய்ப் படம் எடுத்துவந்து, கோடு கோடாக இழுத்து, அதைச் சொந்தமாக ஒரு ஃபான்டாகவே செய்தேன். இனி ரசீது, நோட்டீஸ், பேனர் எதற்கானாலும் ஒரு விசையைத் தட்டினால் எங்கள் கோயில் வேல் வந்து நிற்கும். எந்த விசை? பாமினி என்ற தமிழ் ஃபான்டில் வேல் என்று அடிக்க முதலில் தட்டுவது N. அதனால் N-லேயே வேலை வைத்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

கம்ப்யூட்டரைப் பெரிய புத்திசாலி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதற்கு எழுத்து தெரியாது, சாமி தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். N-ஐத் தட்டினால் அது உள்ளே எழுதி வைத்துக்கொள்வது எழுபத்தெட்டு. அந்த எழுபத்தெட்டுக்கு என்ன உருவத்தைக் காட்டுவது என்று சொல்வது ஃபான்ட். இங்கிலீஷ் ஃபான்டில் அது N. பாமினியில் ஏகாரக் கொம்பு. என் ஃபான்டில் வேல். எல்லாக் கம்ப்யூட்டரிலும் கேட்காமலேயே வந்து உட்கார்ந்திருக்கிறதே விங்டிங்ஸ் என்று ஒரு ஃபான்ட், அதில் எழுபத்தெட்டு மண்டையோடு. யூனிகோடு வந்துவிட்டதே, அதில் ஒவ்வொரு குறிக்கும் தனி எண் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மண்டையோட்டுக்கு இருக்கிறது. எங்கள் கோயில் வேலுக்கு யார் எண் கொடுத்தார்கள்?

வேறு ஊராக இருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. எழுத்தையெல்லாம் வெறும் கோடாக மாற்றிவிட்டு அச்சகத்துக்கு அனுப்புவோம். அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் மாறாது. இங்கே ஒரு வரியை மட்டும் மாற்றாமல் விடுவது எல்லோருக்கும் வழக்கம். அது தேதி வரி. கொடியேற்ற ஓதுவார் சென்னையிலிருந்து கப்பலில் வருகிறார். கப்பல் என்றைக்கு வரும் என்று கப்பலுக்கே தெரியாது. கரையில் கட்டிய பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டுத் தேதியைச் சொல்வோம், அவர்கள் அந்த வரியைத் திருத்தி அச்சடிப்பார்கள். பத்து வருஷமாக இந்தத் தீவில் எல்லா விழாவும் இப்படித்தான் நடக்கிறது. "முத்துவீரன் தலைமையில் கொடியேற்றம்" என்பதும் தேதியும் இரண்டு வேலும் ஒரே வரி. பேனர் ஃபைலோடு என் ஃபான்டையும் பென் டிரைவில் போட்டு, இதை முதலில் ஏற்றிக்கொள்ளச் சொல் என்று சொல்லித்தான் முத்துராஜிடம் கொடுத்து அனுப்பினேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தபோது எனக்கு இருந்தது ஒரே எண்ணம். அந்த அருண்பிரசாத் கையையும் யாராவது அதே இடத்தில் வெட்ட வேண்டும். தம்பி வெல்டர். பொழைப்பு முழுக்க அந்தக் கையில்தான் இருந்தது. அவனுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் பேசியிருந்தது. கையை ஐஸில் போட்டு யாரோ கொண்டுவந்தார்கள், ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ராஜமாணிக்கம் சாயங்காலம் வந்தார். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. அவர் ஆட்கள் பழிவாங்கப் போவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன், மறைக்க என்ன இருக்கிறது, ஆசைப்பட்டேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் கேட்டது வேல். நீங்க ரெண்டு பேரும் என்னத்தைப் போட்டீங்களோ எனக்குத் தெரியாது. போன வருஷம் காவடி எடுக்கறப்ப ஒன் தம்பிக்கும் அவனுக்கும் கைகலப்பு ஆச்சில்ல. அதை ஸ்டேஷன்ல கேட்டாங்க, ஆமான்னு சொல்லிட்டேன். பொய் சொல்ல முடியாதுல்ல விஜயா" என்றார்.

"அண்ணே, அவனுக்குக் கை போயிருக்கு."

"அதான் எனக்கும் வருத்தம். ஊர் அமைதியா இருக்கணும் பாரு."

ஊர் அமைதிக்கு இரண்டு கட்சிக்கும் ஒரு பொது ஆள் தேவைப்பட்டது. நானும் தம்பியும் கிடைத்தோம். முத்துவீரன் தரப்பு புகார் கொடுத்திருந்தது: முத்துராஜும் அவன் அக்காவும் கொலை மிரட்டல் பேனர் வைத்தார்கள், தட்டிக்கேட்டவனைக் கத்தியால் குத்த வந்தான், கைகலப்பில் காயம். கையை இழந்தவன் தேறியதும் ஜெயிலுக்குப் போக வேண்டும். மண்டையோட்டை நாங்கள் போடவில்லை என்று காட்டினால் மட்டும்தான் அவன் தப்புவான்.

மறுநாள் விடிந்ததும் முதலில் அச்சகத்துக்குப் போனேன். மிஷின் ஓட்டுகிறவர் ஐம்பது வயது வங்காளி. தமிழ் படிக்கத் தெரியாது, பேனரைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. காலரைப் பிடித்து ஒரு அறை விட்டேன். பாவம், அவர் திருப்பி அடிக்கவில்லை. பென் டிரைவிலிருந்து பேனர் ஃபைலை மட்டும் இழுத்திருக்கிறார். ஃபான்டை விட்டுவிட்டார். ஃபான்ட் இல்லை, வேறு போடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது, ஓகே என்று தட்டிவிட்டார். என்னுடையது குறி ஃபான்ட் என்பதால் கம்ப்யூட்டர் தன்னிடம் இருந்த குறி ஃபான்டை, விங்டிங்ஸை, எடுத்துப் போட்டுவிட்டது.

"மண்டையோடு வந்திருக்கு, கண்ணு எங்க போச்சு?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"பார்த்தேன் தீதி. எங்க காளி மாவுக்குக் கழுத்து பூராவும் மண்டையோடுதானே. உங்க சாமிக்கும் அப்படின்னு நெனச்சேன்" என்றார். கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். மறுபடி அடிக்க எனக்குக் கை வரவில்லை. இதை ஸ்டேஷனில் வந்து சொல்லச் சொன்னேன், வேலை போய்விடும் என்று மறுத்துவிட்டார். பென் டிரைவ் எங்கே என்றால், பேனர் சுருளோடு முத்துராஜிடம் கொடுத்துவிட்டாராம். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டிருந்தான். அது ஜெட்டிக்குக் கீழே, தண்ணீரில். இனி அந்த வேல் இருக்கிற ஒரே இடம் என் கடைக் கம்ப்யூட்டர்தான்.

அப்படியே ஃபெர்ரி பிடித்து பாம்பூஃப்ளாட் ஸ்டேஷனுக்குப் போனேன். கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். புத்தி வேலை செய்யவில்லை. சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன், அது என் முட்டாள்தனம். எஸ்.ஐ. ஹிந்திக்காரர், பொறுமையாகத்தான் கேட்டார். பெஞ்சின் ஓரத்தில் முத்துவீரன் உட்கார்ந்திருந்தார். மகனைத் தேடி வீட்டுக்குப் போன போலீஸ்காரர்கள் அவரை அழைத்து வந்திருந்தார்கள்.

"காட்டுறேன் சார்" என்று அவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். N அடித்தேன். "இதோட நம்பர் எழுபத்தெட்டு. இப்ப ஃபான்டை மட்டும் மாத்துறேன், பாருங்க." விங்டிங்ஸ் போட்டேன். மண்டையோடு வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன், திரை முழுக்க இளித்தது.

எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யே தோ கோப்டி ஹை" என்றார், இது மண்டையோடுதானே என்று. "வேல் கஹான் ஹை?"

"வேல் என் ஃபான்ட்ல இருக்கு சார். அது இந்த மிஷின்ல இல்ல."

"மத்லப், அதாவது இங்க நீ காட்ட முடிஞ்சது மண்டையோடு மட்டும்தான்."

சுற்றி நின்ற கான்ஸ்டபிள்களுக்கு ஆச்சரியம். ஒருத்தன் தானே N அடித்து மாற்றிப் பார்த்தான். "ஒரு பட்டன்ல வருது சார். ஈசியா போட்டிருக்காங்க" என்றான். தம்பியைக் காப்பாற்ற வந்தவள், மண்டையோடு போடுவது எப்படி என்று போலீசுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"கடை கம்ப்யூட்டரைக் கொண்டு வா. ரெண்டு பேரைப் பின்னாடியே அனுப்புறேன். வேல் வந்தா கேஸை வேற மாதிரி எழுதுறேன்" என்றார் எஸ்.ஐ. நல்ல மனுஷன்தான்.

நான் எழுந்தபோது முத்துவீரனும் எழுந்தார். "நானும் வாரேன் புள்ள. எனக்குக் காட்டு. நான் பார்த்தா எங்க ஆளுங்க நம்புவாங்க" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஃபெர்ரியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் கதை எல்லோருக்கும் தெரியும். கச்சாலில் தண்ணீர் வந்தபோது மனைவி அங்கம்மாவும் இரண்டு பெண்களும் போனார்கள். அருணை மட்டும் தலைமுடியைப் பிடித்து இழுத்து ஒரு ரப்பர் மரத்தில் ஏற்றியிருக்கிறார். "எங்க வீட்டுக்கு மண்டையோடு அனுப்பினா அவனுக்கு எப்பிடி இருக்கும் புள்ள, சொல்லு" என்றார். நான் அனுப்பவில்லை என்றேன். "தெரியல. காட்டு, பார்ப்போம்" என்றார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

கடை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது, பூட்டு உடைந்து தரையில் கிடந்தது. உள்ளே அருண்பிரசாத். ராத்திரி எங்கே பதுங்கினானோ, முகமெல்லாம் கொசுக்கடி. என்னைத் தேடி வந்தவன், நான் இல்லாததால் கடையை அடித்துக்கொண்டிருந்தான். பிரிண்டர் இரண்டாகக் கிடந்தது, ஸ்கேனர் கண்ணாடி தரையெல்லாம். கையில் என் ஷட்டர் இழுக்கும் கம்பி. கம்ப்யூட்டர் பக்கம் இன்னும் வரவில்லை.

தம்பியின் கையை வெட்டியவன் என் கடையில் நிற்கிறான். எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்து அவன் மேல் பாய்ந்தேன். தோளில் இறங்கியது. இன்னும் ஆழமாக இறங்க வேண்டும் என்றுதான் அழுத்தினேன். அவன் கம்பியால் என் நெற்றியில் போட்டான். ஒரு கண்ணில் ரத்தம் வழிந்து இருட்டியது. மேசைக்கு அடியில் விழுந்தவளைக் காலால் மிதித்தான். நான் அவன் காலைக் கடித்தேன், விடவில்லை. முத்துவீரன்தான் நடுவில் விழுந்து மகனைச் சுவரோடு தள்ளினார்.

"ஒரு நிமிசம் நில்லுடா. அவ காட்டட்டும். அதுக்கப்புறம் ஒன் இஷ்டம்."

"என்னத்தப்பா காட்டுவா?"

"நில்லுன்னேன்."

எழுந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அது திறந்து வருவதற்குள் கீபோர்டில் ரத்தம் சொட்டி, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். என் ஃபான்டைத் தேர்ந்தெடுத்து N தட்டினேன். வேல் வந்தது. அகலமான இலை, நடுவில் விபூதிப் பட்டை, கோயிலில் இருப்பது அப்படியே. விங்டிங்ஸ் போட்டேன், மண்டையோடு. மறுபடி என் ஃபான்ட், வேல். மறுபடி மண்டையோடு. மறுபடி வேல்.

"நான் தட்டினது ஒரு தடவைதான். இதுக்குள்ள இருக்கிறது ஒரே நம்பர். பிரஸ்ல இந்த ஃபான்ட் இல்ல. அவ்ளோதான் நடந்தது. என் தம்பி பேனரோட முன்பக்கத்தைப் பார்க்கவே இல்ல. நீயே தட்டு. வா."

அருண் வந்தான். ஒரு விரலால் N-ஐத் தட்டினான். வேல். இன்னொரு தடவை தட்டினான். இரண்டு வேல். பிறகு வரிசையாகத் தட்டிக்கொண்டே இருந்தான், திரை முழுக்க வேலாக நின்றது. அவன் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

"அப்ப நான் எதுக்குக்கா அவனை வெட்டினேன்?" என்றான்.

அக்கா என்றான். கொஞ்சம் முன்புதான் என் வயிற்றில் மிதித்தவன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது. நன்றாக வேகட்டும் என்று நினைத்தேன். "அதை ஸ்டேஷன்ல வந்து கேளு. இப்ப வர்றாங்க" என்றேன்.

"வாரேன்" என்றான். உண்மையாகவே சொன்னான். அவன் வந்திருப்பான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

முத்துவீரன் குனிந்து கம்பியை எடுத்தார். மகனிடமிருந்து அதை ஒளித்து வைக்கிறார் என்று நினைத்தேன். முதல் அடி திரையில் விழுந்தது. வேலெல்லாம் கறுத்துப் போயிற்று. நான் கத்துவதற்குள் கீழே இருந்த பெட்டியை இழுத்துப் போட்டு அடித்தார். ஹார்ட் டிஸ்க் எது என்று அவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் அடித்தார். நான் அவர் முதுகில் ஏறி முடியைப் பிடித்து இழுத்தேன், காதைக் கிழித்தேன். அருண், "அப்பா, வேணாம்ப்பா" என்று அழுதான். கிழவர் என்னையும் சுமந்துகொண்டே அடித்தார். ரப்பர் தோட்டத்தில் உழைத்த உடம்பு. தகடெல்லாம் மடங்கி, உள்ளே இருந்த வட்டுகள் வெளியே வந்து, அவையும் வளைந்த பிறகுதான் நிறுத்தினார்.

"என்னய்யா செஞ்சீங்க? பார்த்தீங்கல்ல? வேலைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன் புள்ள" என்றார். மூச்சு இரைத்தது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "மண்டையோட்டுக்கு வெட்டினான்னா அப்பனுக்காக வெட்டினான்னு சொல்லுவாங்க. வேலுக்கு வெட்டினான்னா இவனை என்னான்னு சொல்லுவாங்க? எனக்கு மிச்சம் இவன் ஒருத்தன்தான்."

"என் தம்பி?"

அவர் மகனைப் பின்வாசல் வழியாகத் தள்ளினார். அவன் போக மறுத்தான். கன்னத்தில் மாறி மாறி நான்கு அறை அறைந்து, ஒரு குழந்தையை விரட்டுவது போல விரட்டினார். பின்னால் ஓட எழுந்தேன், தலை சுற்றி அங்கேயே விழுந்தேன்.

கான்ஸ்டபிள்கள் வந்தபோது முத்துவீரன் உடைந்த பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியோடு உட்கார்ந்திருந்தார். "கோவத்துல நான்தான் ஒடச்சேன் சார், எழுதிக்கங்க" என்றார். "இந்தப் புள்ள தொறந்து காட்டிச்சு. என் கண்ணால பார்த்தேன். அதுல இருந்தது மண்டையோடுதான்."

பொய் என்று கத்தினேன். என் முகத்தில் ரத்தம், கடையில் கண்ணாடி, காலடியில் என் கத்தி. எங்கள் இரண்டு பேரில் நீங்கள் யாரை நம்புவீர்கள்? அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பிறகு பலர் என்னிடம் நியாயம் பேசியிருக்கிறார்கள். அதை யோசிக்க எனக்கு விருப்பமில்லை. அழுதுகொண்டே செய்தால் அது பாவம் இல்லையா?

ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு மூன்று தையல் போட்டதும் தம்பியிடம் ஓடினேன். வார்டில் எனக்கு முன்பே போலீஸ் நின்றது. முத்துராஜுக்கு மயக்கம் தெளிந்து, கான்ஸ்டபிள் சொல்லி விஷயம் தெரிந்திருந்தது. "அக்கா, வேல் வந்துச்சா? காட்டினியா?" என்று கேட்டான். வந்தது என்றேன். அவன் முகம் தெளிந்தது. கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான். மாட்டுவதற்கு ஒரு கைதான் இருந்தது. இன்னொரு வளையத்தை என்ன செய்வது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, கட்டில் கம்பியில் மாட்டினான்.